வரைபடத்தில் நம் வீடு

வேப்பந்தட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தமிழ்மொழி அப்பாவுக்கு,

அமிர்தவல்லி எழுதுவது. நானும் தமிழும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை உங்கள் அறையில் உட்கார்ந்து படிக்காதீர்கள். குளியலறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படியுங்கள். உங்கள் அக்கா வீட்டுக்காரர், மச்சான் முருகையன் கட்டில் உங்கள் கட்டிலை ஒட்டித்தான் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் போனில் ஹலோ என்றால் அவர் இருமுகிற சத்தம்தான் எனக்கு முதலில் கேட்கிறது. அதனால்தான் போனில் சொல்லவில்லை.

உங்களோடு வேலை செய்கிற சைபுல்லா அண்ணன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட் திரும்புகிறாராம். இரண்டு பஸ் மாறி லெப்பைக்குடிக்காடு போய், அவர் மனைவி பர்சானா கையில் இதைக் கொடுக்கப்போகிறேன். கூடவே ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும் வரும். மச்சானிடம் ஊறுகாயை மட்டும் காட்டுங்கள்.

மக்காச்சோளத்தில் இந்த வருஷமும் படைப்புழு விழுந்துவிட்டது. சின்ன வெங்காயம் பரவாயில்லை. மண்டியில் வெங்காயத் தாள் அரிய ஆள் போதாமல் எங்களை ஏழு மணி வரை விடுவதில்லை. மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். விஷயத்துக்கு வரத் தைரியம் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் நிறுத்தச் சொன்ன அந்த மாலை வகுப்பைப் பற்றித்தான் எழுத வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் பெண் பிள்ளைகளை உட்காரவைத்து கண்ணகி என்கிற பெண் நடத்துகிறாளே, அதுதான். பேங்க் பாரம் நிரப்புவது, கூட்டத்தில் எழுந்து பேசுவது, தீட்டு நாளில் உடம்பைப் பார்த்துக்கொள்வது, யாராவது வரம்பு மீறினால் யாரிடம் சொல்வது என்று சொல்லித் தருவாள். முடிந்ததும் பிள்ளையை மண்டி வரை கூட்டிவந்து என்னிடம் விட்டுவிட்டுத்தான் போவாள். நான்கூட, "கலெக்டரம்மா வந்துட்டாங்க, வழி விடுங்க" என்று தமிழைக் கிண்டல் செய்வேன்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, நான் வேலைக்குப் போயிருந்தபோது, உங்கள் அக்கா மகன் திருமுருகன் வீட்டுக்கு வந்திருக்கிறான். தமிழ் அவனை உள்ளே விடாமல், "அம்மா இல்ல, வாசல்லயே நின்னு பேசுங்க" என்றிருக்கிறாள். அதற்குத்தான் உங்கள் அக்கா பொன்னுத்தாய் அண்ணி அன்று அத்தனை ஆட்டம் ஆடினார்கள். முறைப் பையனை வாசலில் நிறுத்துகிற அளவுக்குப் புத்தி கெட்டுப்போனதற்கு அந்த வகுப்புதான் காரணம் என்று உங்களிடமும் போனில் சொன்னார்கள். மறுநாளே நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள். உங்கள் மேல் மட்டும் பழி போட மாட்டேன். நீங்கள் சொன்னதோடு என் பங்குக்கும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டித்தான் நிறுத்தினேன். பத்தாவது முடிந்ததும் அவனுக்குத்தானே என்று நீங்களும் உங்கள் மச்சானும் அங்கே பேசிவைத்திருக்கிறீர்கள். விசா வாங்கித் தந்தவர் கேட்டால் தலையாட்டாமல் என்ன செய்வீர்கள்.

அதோடு நின்றேனா. பிள்ளை தனியாக இருக்கிறாளே என்று நானே திருமுருகனைக் கூப்பிட்டு, "நான் வர ஏழு ஆயிடுது தம்பி, வர்ற வழியில நம்ம வூட்ட ஒரு எட்டு பாத்துக்க" என்றேன். முறைமாப்பிள்ளை வந்துபோனால் ஊர் என்ன சொல்லிவிடப்போகிறது என்று நினைத்தேன். அவன் ஜடையைப் பிடித்து இழுத்தால் விளையாட்டு என்றோம். அவள் முகத்தைச் சுளித்தால் வெட்கம் என்றோம். உங்கள் அக்கா சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

வகுப்பு நின்றபிறகு தமிழ் என்ன செய்தாள் தெரியுமா? பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வராமல் பெரம்பலூர் டவுன் பஸ்ஸில் ஏறிவிடுவாளாம். பெண்களுக்குத்தான் டிக்கெட் இல்லையே. பஸ் ஸ்டாண்டு வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி, நான் மண்டியை விட்டுக் கிளம்புகிற நேரத்துக்கு ஊர் வந்து சேருவாள். வீட்டுப்பாடம் எழுதியதெல்லாம் பஸ்ஸில்தான். கோணல்மாணலாக எழுதுகிறாய் என்று அதற்கும் அடித்தேன்.

போன புதன்கிழமை அந்த பஸ் பிரேக்டவுன் ஆகி வரவில்லை. அவள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவனும் வந்திருக்கிறான். நான் ஏழு மணிக்கு வந்தபோது பிள்ளை பக்கத்து வீட்டு தேவயானியோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று பின்வாசல் வழியாக ஓடிவந்தாளாம். தேவயானி கம்பை எடுத்துக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தாள். அவள் தேடப் போனபோது வீட்டில் யாரும் இல்லை. தமிழ் கையில் இரண்டு வளையல் உடைந்து கீறியிருந்தது. திருவிழாவில் வாங்கியதை இப்படி உடைத்துவிட்டாயே என்று திட்டினேன். என் பிள்ளையிடம் அன்று நான் கேட்டது வளையலைப் பற்றித்தான்.

வெள்ளிக்கிழமை கண்ணகி மண்டிக்கே வந்து, பெற்றவர்கள் கூட்டம், அரை மணி நேரம் வந்துவிட்டுப் போங்கள் அக்கா என்றாள். சண்டை போடலாம் என்றுதான் போனேன். பிள்ளைகள் ஜூலை மாதம் வரைந்த ஊர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பயமில்லாத இடத்தில் பச்சை ஸ்டிக்கர் பொட்டு, பயப்படுகிற இடத்தில் சிவப்புப் பொட்டு வைக்க வேண்டுமாம். யார் வைத்தது என்று யாரும் கேட்கக் கூடாதாம். சாராயக் கடைக்கு ஏழெட்டு சிவப்பு. பாழடைந்த குவாரிக்கு நாலைந்து. நானும் சரிதான் என்று தலையாட்டிக்கொண்டே பார்த்தேன். மூலையில் ஒரு வீடு, வாசலில் முருங்கை மரம், பக்கத்தில் அடிபம்பு. நம் வீடுதான். அதன்மேலும் ஒரு சிவப்புப் பொட்டு.

அது அவர்கள் வாங்கிக் கொடுத்த பொட்டு இல்லை. கறுப்பு ஓரம் வைத்த அரக்குச் சிவப்பு, நான் வைக்கிறது. பொட்டு பற்றாமல் போனதால் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னார்களாம். என் அட்டையில் ஒன்று குறைகிறது என்று, இந்த வயதில் சிங்காரம் கேட்கிறதா என்று அவளைத் திட்டியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என் நெற்றியைக் கையால் மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். சொன்னாள். முழுவதையும் இங்கே எழுத மாட்டேன். உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவள் திமிறிக்கொண்டு ஓடியிருக்கிறாள். இது முதல் தடவை இல்லை. "சொன்னா நீ அவனுக்கு டீ போட்டுக் குடுடின்னு சொல்லுவம்மா" என்றாள். ஆமாம், நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

நேற்று அவளைக் கண்ணகியிடம் கூட்டிப்போனேன். அவள் தமிழின் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். பிறகு என்னிடம், "இத நான் மறைக்க முடியாதுக்கா, இன்னைக்கே சொல்லியாகணும். நீங்க அவ பக்கம் நில்லுங்க, அது போதும்" என்றாள். நாளைக் காலையில் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸிலிருந்து வருகிறார்கள். போலீசும் வரும். நான் கையெழுத்துப் போடப்போகிறேன். உங்களிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது. உங்கள் அக்கா வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றுவார்கள். உங்கள் மச்சான் அங்கே உங்களைச் சும்மா விடமாட்டார். இந்தக் கடிதம் வருவதற்குள் அவர்கள் கதையை முழுவதும் கேட்டிருப்பீர்கள். எங்கள் மேல் கோபப்பட்டும் இருப்பீர்கள். அதற்குப் பிறகாவது இதைப் படியுங்கள். வேலை போனால் போகட்டும், வந்துவிடுங்கள். மண்டியில் உங்களுக்கும் சேர்த்துத் தாள் அரிய வெங்காயம் கிடக்கிறது.

தமிழ் திங்கள்கிழமையிலிருந்து வகுப்புக்குப் போகிறாள். அவளுக்கு நீங்கள் போன் செய்யும்போது ஏன், எப்படி, எப்போது என்று ஒன்றும் கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். கன்றுக்குட்டிக்கு என்ன பேர் வைத்தாய் என்று கேளுங்கள். அவள் பேசுவாள்.

அந்த ஊர் சாமி உங்களை எங்களிடம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். தூங்குவதற்கு முன்னால் தமிழ் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அப்பாவுக்கு என்மேல் கோபம் வருமா என்று. வராது, உங்கப்பாவை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
அமிர்தவல்லி