துறவியர் பாட்டோவியத்தை யாவர்க்கும் உரியதாக்கிய ஓலை

நலம் ஓங்குக. கடல் மூன்றுபுறமும் காக்கும் வேலவாழி நாட்டின் பேரரசர் நெடுமுடிக்கோ அடிகளின் ஆணையால், முதலமைச்சர் கண்ணந்தை விடுக்கும் ஓலை. பவளத்துறைக் காவலர் எயினன் ஆதனார் காண்க. உம் துறைக்குக் கலங்கள் குறைவின்றி வந்தடைக. உம் மக்கள் பிணியின்றி வாழ்க.

மேலைக்கடல் கடந்து வந்து உம் துறையில் மடம் அமைத்திருக்கும் துறவியர், இசைக்கருவி ஏதுமின்றி ஒரே குரலாய்ப் பாடும் கிரகோரியப் பண் என்னும் வழிபாட்டுப் பாட்டை அரண்மனை மன்றத்தில் மக்கள் கேட்க வேண்டுமென அரசர் விரும்பியதை அறிவீர். கேட்டறியாத அப்பண்ணுக்கு மக்களை அழைக்க, ஊரெங்கும் ஓவியச் சீலை தொங்கவிடும் பொறுப்பு ஓவியச்சாலைத் தலைவி அல்லியங்கோதையாரிடம் வந்தது. நாளோ ஒன்பதே இருந்தன.

வணிகர் ஒருவர் அத்துறவியர் பாடும் அழகிய ஓவியமொன்றைக் கொணர்ந்தார். வரைந்தவரின் இசைவு உண்டோ என அம்மையார் வினவ, கடலுக்கு அப்பால் இருப்பவர் வந்து கேட்கவா போகிறார் என்று வணிகர் நகைத்தாராம். கேட்க மாட்டார் என்பதாலேயே எடுத்துவிடலாகாது என்று கூறி, அம்மையார் அதைச் சுருட்டித் திருப்பித் தந்துவிட்டார். நாள் குறைவதை எண்ணி ஓவியச்சாலையோர் கைபிசைந்தனர், அம்மையாருக்கும் உள்ளூரக் கலக்கமே. ஆயினும் மறுநாளே படகேறி உம் துறை மடத்தை அடைந்தார்.

அங்கே பாடற்குழுத் தலைவர் அன்செல்மு அடிகள் பழைய தோலேடு ஒன்றை விரித்தார். நான்கு செங்கோடுகள்மேல் இசைக்குறிகளான கருஞ்சதுரங்கள் ஏறியிறங்க, பெரிதாய் வரைந்த முதலெழுத்தின் வளைவுக்குள் துறவியர் எழுவர் வாய் திறந்து பாடியபடி நெருக்கியடித்து நின்றனர். ஒருவர் மட்டும் கொட்டாவி விடுவதுபோல இருந்தார். அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். பின்பு, இதற்கு யாரிடம் இசைவு பெறுவது என்று கேட்டார். வரைந்தவர் மறைந்து முந்நூறு ஆண்டாயிற்று, மடமும் உரிமை கோராது, வேண்டுமட்டும் படியெடுக்கலாம், வண்ணம் மாற்றினும் தடையில்லை என்றார் அடிகள். அம்மையார் வேண்டியபடி அடிகளே அதை எழுதிக் கையொப்பமும் இட்டார்.

அவ்வேட்டைப் பார்த்து வரைந்த அறுபது சீலைகள் ஊரெங்கும் தொங்கின. கோடேறிய கருஞ்சதுரங்கள் என்னவென்று ஒருவரையொருவர் வினவியே மக்கள் திரண்டனர். மன்றம் கொள்ளாமல் தெருவிலும் நின்று கேட்டனர்.

அரசர் மகிழ்ந்து, சீலையில் அம்மையார் பெயரைப் பொறிக்கப் பணித்தார். முதலில் வரைந்தவர் பெயரே அறியாதபோது தம் பெயர் எதற்கு என்று பணிவோடு மறுத்த அவர், அவ்விடத்தில் 'இதனை யாவரும் படியெடுக்கலாம்' என்று எழுதினார்.

ஆகவே ஆணை இதுவாகும்: அச்சீலையை உம் துறையிலும் தொங்கவிடுக. படியெடுப்பார் எவரையும் தடுக்கற்க. அவ்வோவியம் தமதே என்று எவர் வந்து நின்றாலும், அந்த ஒரு வரியை அழிக்க விடற்க.

கார்த்திகை வளர்பிறை ஐந்தாம் நாள், அரசர் திருமுன் மீன்கொத்தி முத்திரை இடப்பட்டது.