துரை காதில் ஏறிய இங்கிலீஷ்

1936 மார்கழி, வெள்ளிக்கிழமை

முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டாததால் வாவி நிரம்பி எங்கள் வயல் வட்டை முழுவதும் மூழ்கிக் கிடக்கிறது. இதைத்தான் இன்று கச்சேரியில் வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னேன். அவருக்குத் தமிழ் விளங்கும். ஆனாலும் புகைபிடிக்கும் சுங்கானைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த என் மச்சான் சாமித்தம்பி அதையே இங்கிலீஷில், நடுவில் ஒரு "ஹேஸ் ரிசல்ட்டட் இன்" போட்டுச் சொன்னான். துரை சுங்கானைக் கீழே வைத்தார். விடிந்ததும் வெட்ட உத்தரவு.

சோறு போடும்போது அவனுடைய அக்காளான என் மனைவி, "நம்மட தம்பி ஒரு சொல்லில காரியத்த முடிச்சிற்றான், பாத்தீங்களா?" என்றாள்.

"ஓம், அவன்ட வாய்தானே வெள்ளத்த வடிக்கப்போகுது."

அதையும் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டாள்.

வெட்டினால் முதலில் தப்புவது என் வயல். ஆனாலும், விடியுமுன் வெள்ளமே மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன்.