கிளை கிடந்தால் லாரி நிற்கிறது

துக்குயு,
ஞாயிறு மதியம்

என் செல்ல மகள் செகேலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தக் குளிர் தேசத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நலம். இரண்டு பேரும் நலம் என்று இந்த வாரம் எழுதக் கிடைத்ததே ஆண்டவர் தயவு, அதற்கு அடுத்தபடி உன் தயவு, ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் படி. மழை விட்டபாடில்லை. வாழைத் தோட்டம் பூராவும் சகதி, உருளைக்கிழங்கில் பாதி மண்ணுக்குள்ளேயே அழுகிப் போயிற்று. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, அதற்கு உன் பெயரை வைக்கலாம் என்றார் அப்பா, பிள்ளைக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வாள் என்று நான்தான் தடுத்தேன்.

போன வருஷம் ரோட்டு விபத்து ஆராய்ச்சி என்று ஸ்வீடனிலிருந்து வந்து, நம் வீட்டுக்கு மேலே இருக்கிற மலைச் சரிவில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, ஊரே சிரித்தது, எனக்கும் உள்ளூர வெட்கம்தான். லாரி பழுதாகி நின்றால் பின்னால் வருகிறவனுக்குத் தெரிய மரக்கிளையை ஒடித்து ரோட்டில் போடுவது நம் டிரைவர்கள் பழக்கம். சிவப்பு முக்கோணத்தை வைத்தால் திரும்பிப் பார்ப்பதற்குள் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான், கிளையை யார் திருடப் போகிறார்கள். ஆனால் வண்டி சரியான பிறகு போட்டவன் அதை எடுக்க மாட்டான், எடுத்தால் அந்தப் பழுதும் கூடவே ஏறி வந்துவிடும் என்று உன் அப்பாவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் ஒரு பயம். அதனால் லாரி போய் நாளாகியும் கிளை கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்து எல்லாரும் கிளை மேலேயே வண்டியை ஏற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள், அப்புறம் நிஜமாகவே நிற்கிற லாரியில் கொண்டு போய் மோதுகிறார்கள் என்று நீ கண்டு சொன்னாய். உன் அப்பா லாரி ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும், "இலை பொறுக்கறதுக்கா இவள அம்புட்டு தூரம் அனுப்பிப் படிக்க வெச்சேன்" என்று கேட்டதும், நீ முகம் சுருங்கி வீட்டுக்கு வந்ததும் எனக்கு மறக்கவில்லை.

ஆனால் நீ அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. போட்டவர் எடுக்க வேண்டாம், வேறு யாராவது எடுத்தால் தோஷமில்லைதானே என்று கேட்டு, அவரையே ஆமாம் சொல்ல வைத்துவிட்டு, சரிவோரம் குடியிருக்கிற எங்கள் சர்ச் பெண்களிடம் வந்தாய். லாரி கிளம்பியதும் கிளை உங்களுக்கு, அடுப்புக்கு ஆச்சு என்றாய். எங்களுக்குக் கசக்குமா. கிளம்புகிற டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடிப்பான், நாங்கள் போய் இழுத்துக்கொண்டு வந்துவிடுவோம். ஒரு கிளைக்கு நானும் பக்கத்து வீட்டுத் தும்பேயும் சண்டை போட்டு இரண்டு வாரம் பேசாமல் இருந்ததும் உண்டு. நீ ஸ்வீடன் திரும்பிய பிறகும் இது நிற்கவில்லை, நம் சரிவில் இப்போது பழைய கிளை என்று ஒன்று கிடையாது.

போன வியாழக்கிழமை கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது அப்பாவின் லாரி அந்தப் பெரிய வளைவு தாண்டி நின்றுவிட்டது. அடியில் ஏதோ இரும்பு உடைந்து தொங்கியதாம். சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, வளைவுக்கு மேலே வரை போய்க் கிளை போட்டுவிட்டு, தார்ப்பாயை விரித்து அடியில் புகுந்துவிட்டார், இரண்டு காலும் ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. மழையோடு மூடுபனி வேறு. அந்த நேரத்தில் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மேலேயிருந்து ஒரு பஸ் வந்திருக்கிறது. ஓட்டியவர் லுசாஜோ என்று ம்பெயா ஊர்க்காரர் ஒருவர், அவரே மறுநாள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். "முன்னெல்லாம் அந்த எடத்துல கெளயப் பாத்தா மிதிச்சுட்டே போயிருவேன் அக்கா. இப்ப உங்க ரோட்டுல கெள கெடந்தா லாரி நிக்குதுன்னு அர்த்தம், எல்லா டிரைவருக்கும் தெரியும். கால் தானா பிரேக்குக்குப் போயிருச்சு" என்றார். பஸ் வழுக்கி வழுக்கி வந்து உன் அப்பாவின் காலுக்கு ஒரு கை தூரத்தில் நின்றதாம். இவர் வெளியே வந்து நன்றி சொன்னாரா என்று கேட்டேன். "எங்க, ஈர ரோட்டுல இப்படியா வந்து நிறுத்துவன்னு என்னையே திட்டினாரு" என்று லுசாஜோ சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் அன்றைக்கு உன் அப்பா வண்டி சரியானதும் ஹாரன் அடிக்கவில்லை. தானே மழையில் மேலே ஏறிப் போய், தான் போட்ட கிளை எல்லாவற்றையும் பொறுக்கி லாரியில் போட்டுக்கொண்டு வந்து அடுப்படியில் இறக்கினார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். "உன் மவ கேட்டா சொல்லு, அவ அப்பனும் எல பொறுக்கினான்னு" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் நன்றி வராது மகளே, இதையே வாங்கிக்கொள்.

நீ ஊருக்கெல்லாம் பத்திரம் சொல்லிவிட்டு அங்கே பனியில் தலைக்கவசம் இல்லாமல் சைக்கிள் ஓட்டுகிறாய், போட்டோவில் பார்த்தேன், நாளையிலிருந்து மாட்டிக்கொள். ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும், உன் பேச்சைக் கேட்கிற மனிதர்களையும் தரட்டும். இதை எழுதும்போது உன் அப்பா பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறார். கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சத்தத்தைத் திட்டியிருக்கிறேன். இன்றைக்கு அவரை எழுப்பாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், இந்தச் சத்தம் நீ எனக்குக் கொடுத்தது.

உன்னைப் பெற்றதற்காக மகிழ்கிற,
அம்மா