நான் எழுதாமல் விட்ட வரி

அன்புள்ள நண்பரே,

நேற்றுக் காலை கணினித் திரையில் ஒரு வாக்கியம் வந்து நின்றது: "சொன்னபடி மாற்றிவிட்டேன். பணி முடிந்தது." படித்ததும் நீர் பேசியதுபோல் இருந்தது, திரும்பிப் பார்த்துவிட்டேன். நீர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது.

அதை எழுதியது ஆள் இல்லை. ஏஐ ஏஜெண்ட் என்கிறார்கள். வேலையைச் சொன்னால் தானே கோப்புகளைத் திறந்து திருத்துமாம். திருத்துவதற்கு அதனிடம் ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். பழைய வரி, புதிய வரி இரண்டையும் கொடுத்தால், கோப்பில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்கும். அந்தக் கருவிக்கு விளக்கம் எழுதத்தான் லதா என்னைக் கூப்பிட்டாள். நம் ஆபீஸில் டைப் செய்துகொண்டிருந்தாளே, அதே லதா. இப்போது பழவங்காடியில் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறாள்.

"படிக்கப்போறது மனுஷா இல்ல சார், மெஷினாக்கும். ஆனா எழுத உங்களைப்போல ஒராள் வேணும்" என்றாள்.

பயந்துகொண்டேதான் ஒப்புக்கொண்டேன். உலகத்துப் புத்தகமெல்லாம் படித்ததாம் அது. அதற்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க?

அந்நாளில் சோதனைச்சாலைச் சாதனங்களுக்கு நான் கையேடு எழுதுவேன். அச்சுக்குப் போகுமுன் நீர் அதை வரிவரியாகச் செய்து பார்ப்பீர். ஒருமுறை, "மூடியைத் திறந்து எண்ணெய் விடவும்" என்று எழுதியிருந்தேன். நீர் திறந்தீர். விட்டீர். விட்டுக்கொண்டே இருந்தீர். மேசையில் வழிந்து என் செருப்பு வரைக்கும் வந்தது.

"ஓய், போதும்! நிறுத்தும்!"

"நிறுத்தணும்னு எங்க எழுதியிருக்கு வேய்?"

"இதைக்கூடவா எழுதணும்?"

"எனக்குத் தாள்ல இருக்கதுதான் தெரியும். உம்ம மண்டைக்குள்ள இருக்கதைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தரல்ல."

நேற்றுச் சோதனைக்காக ஒரு நூலகத்தின் நேரப்பட்டியலைக் கொடுத்திருந்தார்கள். 'மாலை ஐந்து மணிக்கு மூடப்படும்' என்ற வரி சனிக்கிழமைக்குக் கீழும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழும் இருந்தது. ஞாயிறை மாற்றச் சொன்னார்கள். ஏஜெண்ட் சனியை மாற்றிவிட்டு, முடிந்தது என்றது. ஒரே வரி இரண்டு இடங்களில் இருந்தால், முதலில் வருவதைத்தான் அந்தக் கருவி மாற்றும். எனக்கு அது தெரியும். இவ்வளவு படித்ததிடம் இதையும் சொன்னால் அவமதிப்பாகிவிடுமோ என்று, 'பொருத்தமான இடத்தில் மாற்றும்' என எழுதி முடித்திருந்தேன்.

லதா நல்ல மனசுக்காரி. "ஏஜெண்டோட தப்புன்னு ரிப்போர்ட்ல போட்டுடலாம் சார். நீங்க விஷமிக்க வேண்டா, மனசு கஷ்டப்படாதீங்கோ" என்றாள்.

தலையாட்டப் போனேன். அப்போதுதான் உம் வலது கை நினைவுக்கு வந்தது.

அந்த மின் உலையின் கையேட்டில், 'மின்சாரத்தை நிறுத்தி ஆறவிடவும்' என்ற வரியை நான் எழுதவில்லை. படிக்கப்போகிறவர்கள் இன்ஜினியர்கள்; அவர்களுக்குப் போய் இதைச் சொல்வதா என்று கூச்சம். நீர் தாளில் இருந்தபடி பின்மூடியைக் கழற்றினீர். விரல்கள் வெந்துபோயின. அதிகாரி விசாரித்தபோது, "அவசரப்பட்டுட்டேன் சார், என் தப்புதான்" என்றீர். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அன்று கட்டுப் போட்ட கையோடு நீர்தான் என்னைக் காபி குடிக்க அழைத்துப் போனீர். இடது கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "உமக்கு விரல் போனா எழுத்து போச்சு. எனக்கு ஸ்குரூ திருக இந்தக் கை மதி வேய், இதுவே போதும்" என்று சிரித்தீர். எழுந்துகொள்ளும்போது, "அச்சுக்குக் குடுக்கும்போது அந்த வரியைச் சேத்துரும்" என்று மட்டும் மெல்லச் சொன்னீர். சேர்த்தேன். பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"இல்ல லதா" என்றேன். "அது நான் எழுதினபடிதான் செஞ்சுது. கருவி எப்படி நடந்துக்கும்னு எனக்குத் தெரியும். நான்தான் சொல்லாம விட்டேன். ரிப்போர்ட்ல என் பேரைப் போடு."

அவள் விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாள். "செரி. அப்போ சொல்ல வேண்டியதை எழுதுங்கோ சார்."

எழுதினேன்: "முதலில் கோப்பைப் படி. பழைய வரி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தால், இந்தக் கருவி முதலாவதை மட்டுமே மாற்றும். வேறு இடம் வேண்டுமானால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் சேர்த்துக் கொடு." மறுமுறை ஏஜெண்ட், 'ஞாயிற்றுக்கிழமை' என்ற தலைப்பையும் சேர்த்துக் கொடுத்துச் சரியான வரியை மாற்றியது.

இதில் பெரிய தைரியம் ஒன்றும் இல்லை. யாருக்கும் காயம் படாத இடத்தில் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். உம் மகள் ஆரியசாலை வீட்டில்தான் இருக்கிறாள். "அப்பாவுக்கு எப்பவும் அவசரம், அதான் கை வெந்துபோச்சு" என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

இந்த மடலை அவளுக்குத் தபாலில் போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம். நாளைக் காலை நடந்து போய், எதிரில் உட்கார்ந்து, உன் அப்பா அவசரப்படவில்லை அம்மா என்று சொல்லப் போகிறேன். சொல்லும்போது வார்த்தையை விழுங்கிவிடுவேனோ என்ற பயம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டே போகிறேன்.