வேங்கையின் ரெப்போவில் சங்கரா

மதுராந்தகம்
4 பிப்ரவரி 2024

அன்பு வினிதாவுக்கு,

நலம்தானே? உன் வீட்டுக்காரர் லோகு இன்னும் கடலுக்குப் போகிறாரா, இல்லை மீன் வியாபாரத்தோடு நின்றுகொண்டாரா? நான் வழக்கம்போல ரயிலும் பஸ்ஸும் மாறி நாவலூர் போய்வருகிறேன். நான்கு வருடமாக என் மின்னஞ்சல் ஒன்றுக்கும் நீ பதில் போடவில்லை. அதனால்தான் தபால்.

சங்கராவைச் சித்திரைப் பிறப்போடு நிறுத்தப்போவதாக அதன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறாய். படித்த பிறகு ஆபீசில் எனக்கு வேலையே ஓடவில்லை. நாங்கள் நாற்பது பேர் சேர்ந்து செய்யும் வேங்கை லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்து, நீ ஒருத்தியாக சங்கராவை உண்டாக்கினாய். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை மீனவர் சங்கத்திலும் பள்ளிக்கூடங்களிலும் பழைய கம்ப்யூட்டர்கள் அதில்தான் தமிழில் ஓடுகின்றன. ஏலக்கூடத்தில் ஈரக்கையோடு அழுத்துகிறார்கள் என்பதற்காக, ஒரு விசையை அடுத்தடுத்து இரண்டு தரம் அழுத்தினாலும் ஒன்றாக எடுக்கும்படி மாற்றியிருக்கிறாய். எங்கள் நாற்பது பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

வேங்கையில் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அறுபது மென்பொருள் பேக்கேஜையும் திரும்ப இறக்கி, உன் மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கையால் போடுகிறாய் என்று தெரியும். இனி அது வேண்டாம். பேக்கேஜ் கட்டுவதற்கான குறிப்புகளை நாங்கள் வைத்திருக்கும் ரெப்போவிலேயே உனக்கென்று ஒரு கிளை தருகிறோம். நாங்கள் மாற்றுவதை ஒரே கட்டளையில் உன் கிளைக்கு இழுத்துக்கொள்ளலாம். நீ மாற்றுவதும் எங்களுக்குத் தெரியும். சங்கரா சங்கராவாகவே இருக்கும். குழுவில் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டேன். வந்துவிடேன்.

பாலிடெக்னிக்கில் உன் பக்கத்தில் உட்கார்ந்த
ஜெயப்பிரியா


கோவளம்
12 பிப்ரவரி 2024

ஜெயப்பிரியாவுக்கு,

கடிதம் வந்தது. லோகு கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா வினி, கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்டார். அவர் இப்போது வியாபாரத்தோடு சரி.

சங்கராவை நிறுத்த எனக்கு மட்டும் ஆசையா? போன மாதம் உங்கள் புதுப் பதிப்பு வந்தது. என் மாற்றம் ஒன்று அதனோடு ஒட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏழு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பதினோரு நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். ஒரே சட்டையை மாதா மாதம் பிரித்துத் தைத்தால் யாருக்குத்தான் வெறுத்துப்போகாது. நான் விட்டுவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் வந்து செய்வார்கள் என்று நினைத்தாலும் தாங்கவில்லை.

நீ சொல்வது நல்ல வழிதான். ஆனால் உங்கள் வீட்டில் என் பொருளை வைக்க எனக்கு மனசு வரவில்லை. காரணம் உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். பழைய பிரிண்டர்களில் தமிழ் கட்டம் கட்டமாக வந்ததே, அதைச் சரிசெய்து, வேங்கைக்கு அனுப்பச் சொல்லி பென்டிரைவில் உன் கையில் கொடுத்தேன். நம் வேலையில் என்ன வழக்கம்? பேக்கேஜில் ஒரு வரி மாற்றினாலும் மாற்றக் குறிப்பில் மாற்றியவர் பெயரும் தேதியும் போட வேண்டும். வேங்கையில் அந்தத் திருத்தம் வந்தபோது உன் பெயர் இருந்தது. அதைப் பார்த்துத்தான் உன்னைக் குழுவில் சேர்த்தார்கள். சண்டை போட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

கூலி இல்லாத இந்த வேலையில் பெயர் ஒன்றுதான் மிச்சம். அதையும் எடுத்துக்கொண்டாயே.

வினிதா


மதுராந்தகம்
17 பிப்ரவரி 2024

வினி,

நீ எழுதியது அத்தனையும் உண்மை. நடந்ததைச் சொல்கிறேன், சாக்குச் சொல்வதற்காக இல்லை.

மாற்றக் குறிப்பைத் திறந்தால், யார் கம்ப்யூட்டரோ அவர் பெயரைக் கடைசி வரியில் அந்தக் கருவி தானாகவே போட்டுவிடும். உன் திருத்தத்தை என் கம்ப்யூட்டரில் திறந்தேன், என் பெயர் விழுந்தது, பார்க்காமல் அனுப்பிவிட்டேன். மறுநாளே பார்த்தேன். அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் எங்கெங்கிருந்தோ பாராட்டி எழுதினார்கள். அதுவரை என்னை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. வாயை மூடிக்கொண்டேன். நான் செய்தது திருட்டுத்தான்.

இன்று குழுவில் எல்லோரும் படிக்கும்படி எழுதிவிட்டேன். உன் தளத்தில் இருக்கும் சங்கராவின் பழைய வரலாற்றை அப்படியே எடுத்து எங்கள் ரெப்போவோடு இணைத்தேன். இனி யார் திறந்தாலும், என் தேதிக்கு ஐந்து மாதம் முன்னால் உன் பெயர் நிற்கும். அந்த அச்சுப் பேக்கேஜின் பராமரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு உன்னுடையதைப் போட்டிருக்கிறேன். என்னைக் குழுவில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பேசுகிறார்கள். பேசட்டும்.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. சங்கராவை மட்டும் நிறுத்திவிடாதே.

ஜெயா


மதுராந்தகம்
20 மார்ச் 2024

வினி,

ஒரு மாதம் ஆயிற்று. நான் குழுவில் கூடாது என்று மூன்று பேர் சொன்னார்கள், மற்றவர்கள் என்னை இருக்கச் சொல்லிவிட்டார்கள். உன் கிளையில் நீ இன்னும் ஒன்றும் ஏற்றவில்லை. காலையில் ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் திறந்து பார்க்கிறேன். இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுதவேண்டும் என்று இல்லை. சித்திரைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது.

ஜெயா


கோவளம்
2 ஏப்ரல் 2024

அடியே ஜெயா,

நான் ஒன்றும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அந்த ரெப்போவை இறக்கி, அச்சுப் பேக்கேஜின் மாற்றக் குறிப்பை முதல் வரியிலிருந்து படித்தேன். உன்னைத் திட்டுவதற்கு இன்னும் ஏதாவது கிடைக்கும் என்றுதான் படித்தேன்.

நான்கு வருடத்தில் எண்பத்தேழு திருத்தம். எண்பத்தேழும் நீ. லாவோஸில் யாரோ ஒரு வாத்தியாருக்குப் பிரிண்டர் ஓடவில்லை என்று ஐந்து தடவை மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறாய். ஐந்தாவதில் ஓடியதும் அவர் பெயரைக் குறிப்பில் போட்டு நன்றி சொல்லியிருக்கிறாய். பொங்கலன்று காலையில்கூட ஒன்று போட்டிருக்கிறாய். உனக்கு வூடு வாசல் கிடையாதா? நான் ஒரு வாரத்தில் செய்து உன் கையில் கொடுத்ததோடு சரி. அதை இத்தனை வருடம் கெடாமல் பார்த்துக்கொண்டது நீ. எனக்கு அந்தப் பொறுமை வராது. படிக்கப் படிக்க எனக்குப் பெருமையாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

கோபம் முழுசாகப் போகவில்லை. லோகுதான் விடாமல், "எவ்ளோ நாளிக்கு மூஞ்சிய தூக்கிகினு இருப்ப? ஊரே கேக்குற மாரி ஒத்துகினு கீது அந்தப் பொண்ணு. உன்னால முடியுமா?" என்று பிடித்துக்கொண்டார். என்னால் முடிந்திருக்காது.

கிளையை என் கம்ப்யூட்டரிலேயே வைத்து இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை வந்த உங்கள் பதிப்பைச் சேர்க்க அரை நாள்தான் ஆனது. நம்பாமல் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தரம் செய்து பார்த்தேன். பள்ளிக்கூடத்து ஏழு கம்ப்யூட்டரும் ஓடுகிறது. அறுபது பேக்கேஜையும் இன்று ஏற்றிவிட்டேன். நிறுத்தப்போகும் அறிவிப்பையும் எடுத்துவிட்டேன்.

அச்சுப் பேக்கேஜை ஏற்றுக்கொள்கிறேன். பராமரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயருக்கு அடுத்து உன் பெயரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். உன்னைக் கேட்கவில்லை. அன்று என் பெயரை எடுத்துக்கொண்டபோது நீ மட்டும் என்னைக் கேட்டாயா?

வினி