பின்வளவுக் குட்டையும் பங்குக் கிணறும்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

இன்று தொடங்கிவிட்டேன். பின்வளவில் முருங்கைக்கு அப்பால், பள்ளமான மூலையில் நாலு தடி நட்டுக் கயிறு பிடித்தேன். தடி நடவே மூச்சு வாங்குகிறது. இனித்தான் வெள்ளம் வடியக் குட்டை வெட்ட வேண்டும்.

மெசின் பிடித்தால் ஒரு பொழுதில் முடிந்துவிடும் என்று நான் வேலை செய்கிற தையல் கடையில் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்பவே முன்னுக்கும் பின்னுக்கும் எடுக்க வேண்டும். மெசின் என்ன, பறந்தா வரும்? ஆகவே மண்வெட்டி, கடகம், நான்.

கார்த்திகை மழைக்கு முன்னம் முடிய வேண்டும். போன கார்த்திகையில் நான் சங்கானையில் கடையில் இருந்தபோது வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. பாரிசவாதத்தில் வலது பக்கம் விழுந்த என் மனிதர், கட்டிலில் கிடந்தபடி தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். போனும் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. பஸ் இல்லை. நடந்து வந்து நான் உள்ளே போனபோது தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்கா, அக்கா என்று கூப்பிட்டு இவருக்குத் தொண்டை அடைத்துப் போயிருந்தது. அக்கா என்பது இவரின் தமக்கை, எனக்குத் தங்கமுத்து மச்சாள், வேலிக்கு அங்கால் வீடு. யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இவர் வாய் திறக்கவில்லை. இந்த வருடமும் அப்படி ஒரு நாள் வந்தால் நான் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் — வேண்டாம், அதை எழுதினால் இன்றைக்கு நித்திரை வராது.

ஓகஸ்ட் 15, வெள்ளி

உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஊசி பிடிக்க முடியவில்லை. ஒரு கொலரைக் கோணலாகத் தைத்து, பிரித்து, திரும்பவும் கோணலாகத் தைத்தேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

இவரைக் கதிரையில் இருத்தி இழுத்துக்கொண்டுபோய் முருங்கை நிழலில் விட்டேன். நான் வெட்டுவதைக் கனநேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார்:

"குழி எனக்கோ?"

"உங்களை எரிக்கிறதெல்லோ. குழி என்னத்துக்கு?"

வாயின் ஒரு பக்கம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் திரும்ப உள்ளே கொண்டுபோகும்போது கதிரை மண்ணில் புதைந்து, இவர் பாரம் முழுக்க என் இடுப்பில் விழுந்துவிட்டது. இனி இவரை வெளியே கொண்டுபோக என்னால் ஏலாது.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

முழங்கால் ஆழம்.

வெட்டுவது பெரிய காரியமில்லை என்று இப்போது விளங்குகிறது. குட்டை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? அதுதான் காரியம். ஒழுங்கைக்கு விடலாம் என்று இருந்தேன். கொங்கிறீட் போட்ட பிறகு ஒழுங்கை எங்கள் வளவைவிட உயரம். தண்ணீர் அங்கிருந்துதான் இங்கே வருகிறது. மேற்கே பூட்டிக்கிடக்கிற வீட்டு மதில். மிச்சம் ஒரே வழி, மச்சாளின் காணி. அதைத் தாண்டினால் வெள்ளவாய்க்கால். நிலமும் அந்தப் பக்கம்தான் சரிகிறது.

மச்சாளும் நாங்களும் கதைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. வேலி வேம்புக்கு இங்கால் என்று மச்சாள், அங்கால் என்று இவர். ஒரு வேப்பமரத்துக்காகக் கோடு ஏறி வழக்காடி, ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரும் முகம் பார்க்காமல் போனார்கள். கிணறு மட்டும் இன்னும் பங்கு. காணி உறுதியில் அப்படி. வேலி இரண்டு பக்கத்தாலும் வந்து கிணற்றுக் கட்டில் முட்டி நிற்கிறது. மச்சாள் பக்கம் அவர் மோட்டர், எங்கள் பக்கம் எங்களுடையது. அவர் மோட்டர் ஓடும்போது நான் போடமாட்டேன். அவரும் அப்படித்தான். சத்தத்தை வைத்தே அவர் எழும்பியதும் படுத்ததும் எனக்குத் தெரியும்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

வெட்டிய மண்ணை வேலிக்கரையில் கொட்டியது பிழைதான். கொட்டுவதற்கு வேறு இடம் இருந்தால் ஏன் அங்கே கொட்டுகிறேன்? வேலிக்கு அங்கால் நின்று மச்சாள் தன் கோழிகளுக்குச் சொல்வதுபோல் உரத்துச் சொன்னார்: "அணை கட்டுறாவாம், வெள்ளத்தை எங்கடை பக்கம் திருப்ப!"

செப்ரெம்பர் 7, ஞாயிறு

கேட்டுவிட்டேன். ஒழுங்கையால் சுற்றிப் போய் முன்படலையால் உள்ளே போனேன். மச்சாள் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தார். இரு என்று சொல்லவில்லை.

"என்ன, வழி தவறி வந்திட்டியோ?"

"மச்சாள், உங்கடை காணிக்குள்ளாலை ஒரு குழாய் தாட்டு விடவேணும். வெள்ளவாய்க்காலுக்கு. போன முறை அவர்டை அறைக்குள்ளை —"

"முதல் வேலி. பிறகு மண். இப்ப தண்ணியோ? எல்லாத்தையும் என்ரை காணிக்கை தள்ளுங்கோ!"

வந்துவிட்டேன். தம்பி எப்படி இருக்கிறான் என்று ஒரு சொல், ஒரேயொரு சொல் கேட்கவில்லை. கிழவிக்கு நெஞ்சு கல்லுத்தான். நான் ஏன் போனனான்? ஏன் போய் நிண்டனான்?

செப்ரெம்பர் 13, சனி

மண் முடிந்துவிட்டது. கீழே சுண்ணாம்புக் கல். மண்வெட்டி பட்டதும் கை முழங்கை வரைக்கும் விறைத்தது.

இவ்வளவு ஆழம் ஒரு நாள் மழைக்கே காணாது.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

போன கிழமை முழுக்க வேலையால் வந்து அலவாங்கு பிடித்தேன். கல்லை இடிக்க இடிக்க, இன்று ஒரு மூலையில் சத்தம் மாறியது. இன்னும் நாலு இடி. அலவாங்கு கையை விட்டு இறங்கப் பார்த்தது, ஒருவாறு பிடித்துவிட்டேன். கை போகிற அளவு பொந்து. ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். போய்விட்டது. இன்னொரு வாளி. அதுவும். வாய்க்கால் வேண்டாம், குழாய் வேண்டாம், யாருடைய படலைக்கும் போக வேண்டாம். நிலமே குடித்துக்கொள்ளும்.

சேற்றோடு குந்தியிருந்து சிரித்தேன். இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஏதாவது பிழை பிடிப்பார். எனக்குப் பிழை கேட்கிற தெம்பு இல்லை.

ஒக்ரோபர் 6, திங்கள்

டெங்கு பார்க்க வருகிறவர் வந்தார். தண்ணீர் தேங்கினால் நுளம்பு வரும், மீன் வாங்கி விடுங்கோ என்றார். தண்ணீரே நிற்காத குட்டை ஐயா என்றேன். அப்படியென்றால் ஏன் குட்டை வெட்டினீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

பின்னேரம் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. குடை பிடித்துக்கொண்டு பார்த்தேன். வளவுத் தண்ணீர் முழுவதும், ஆட்டுக்கொட்டில் கழிவோடும் சருகோடும், குட்டைக்குள் ஓடிப் பொந்துக்குள் இறங்குகிறது. வீட்டுப் பக்கம் சொட்டு இல்லை. விடிந்தால் தீபாவளி. வெட்டத் தொடங்கிய நாளிலிருந்து இன்றைக்குத்தான் இடுப்பு வலியை மறந்து படுக்கிறேன்.

ஒக்ரோபர் 20, திங்கள், தீபாவளி

விடிய எண்ணெய் வைத்து இவரைக் குளிப்பாட்டக் குழாயைத் திறந்தேன். சிவப்பாக வந்தது. செம்மண் கரைத்த தண்ணீர், அதற்குள் சருகுத் துண்டும். குழாயில்தான் ஏதோ பிழை என்று நினைத்தேன். வேலிக்கு அங்கால் மோட்டர் ஓடியது, நின்றது. பிறகு,

"உதயா! எடி உதயகலா! கிணத்துக்குள்ளை என்னத்தைக் கலந்தனீ?"

இத்தனை வருடத்துக்குப் பிறகு என் பெயர் அந்த வாயால் வந்தது இதற்குத்தான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எண்ணெய்த் தலையோடு கட்டிலில் இருந்தவருக்கு விளங்கிவிட்டது.

"கல்லை உடைச்சனியோ?"

"ஓம்."

"கல்லுக்குக் கீழை... தண்ணி எல்லாம் ஒண்டு. உன்ரை குட்டை... நேரை கிணத்துக்கை போகுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சால் முதலே சொல்லுறதுக்கென்ன?"

"நீ எங்கை காட்டினனி?"

அதுவும் உண்மை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஆட்டுக்கொட்டில் கழிவையும் சேர்த்து நாங்களும் குடிக்க, மச்சாளும் குடிக்க வழி வெட்டியிருக்கிறேன். அதுவும் நல்ல நாளில்.

ஒக்ரோபர் 22, புதன்

கோயிலடிக் குழாயில் குடிக்கத் தண்ணீர் பிடித்தேன். மச்சாளும் குடத்தோடு வந்தார். எழுபது வயது. வழியில் இரண்டு தரம் குடத்தை இறக்கி வைத்தார். தாங்கோ என்று கை நீட்டினேன். தரவில்லை. நானும் பின்னால் மெல்ல மெல்ல நடந்தேன், முந்திப் போக மனம் வரவில்லை.

ஒக்ரோபர் 25, சனி

பொந்தை அடைத்தால் கார்த்திகையில் வெள்ளம் இவரின் அறைக்குள் வரும். அடைக்காவிட்டால் கிணறு போகும். விட்டுவிடலாமா என்று யோசித்தேன். தண்ணீரைக் கோயிலடியில் பிடிக்கலாம், இவரைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓட? இரவு முழுக்க அப்படித்தான் யோசித்தேன், இல்லை என்று எழுதினால் பொய். விடிய எழும்பி இரண்டு பக்கக் கோழியும் கிணற்றடியில் நிற்பதைப் பார்த்தேன். ஊரே குடிக்கிற தண்ணீர் அது. கீழே எல்லாம் ஒன்று என்றால் எங்கள் இரண்டு வீட்டோடு நிற்கவும் போவதில்லை.

குட்டைக்குள் இறங்கிக் கல்லுப் போட்டு, சீமெந்து குழைத்துப் போட்டு, மேலே குளத்துக் களிமண் அப்பினேன். அப்பிக்கொண்டே அழுதேன். இவ்வளவு நாளும் வெட்டினது என்னத்துக்கு? எனக்கு ஏலாது. எனக்கு இனி ஏலாது.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

காலமை குட்டைக்குள் நின்று களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தேன். மேலே யாரோ நிற்பதுபோல் இருந்தது. மச்சாள். ஒழுங்கையால் சுற்றி வந்திருக்கிறார், குடையை ஊன்றிக்கொண்டு.

"அடைச்சிட்டியோ?"

"ஓம்."

"அப்ப வெள்ளம் வந்தால்?"

"வரும்."

"அவன்?"

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். மச்சாள் குடை நுனியால் வேலிப் பக்கம் காட்டினார்.

"குழாயை வேலியோரமாக் கொண்டுபோ. வேம்பின்ரை வேரிலை முட்டக்கூடாது. திறந்த வாய்க்கால் வேண்டாம், கோழிக்குஞ்சு விழும். கிணத்துக்காகத்தான் சொல்லுறன். உங்களுக்காக இல்லை."

இவரது யன்னலைத் தாண்டித்தான் போனார். உள்ளே பார்க்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கிணறு இறைத்தோம். இரண்டு மோட்டரையும் ஒன்றாகப் போட்டோம். மச்சாள் "போடு" என்றார், நான் போட்டேன். இரண்டு பக்கமும் செந்தண்ணீர் ஓடி ஓடி, பின்னேரம் தெளிந்தது. மச்சாள் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். இன்னும் ஒரு கிழமை கொதிக்க வைத்துக் குடி என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

குழாய் தாட்டாயிற்று. மச்சாளின் காணிக்குள் நான் வெட்ட வெட்ட, அவர் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சரிவு காணாது என்று இரண்டு இடத்தில் திரும்ப வெட்டினேன். வேம்படியில் வளைக்க வேண்டியிருந்தது. அந்த வேம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. பாதிக் கொப்பில் இலை இல்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

நவம்பர் 15, சனி

நேற்றைய மழைக்குக் குட்டை நிரம்பியது. மிச்சம் குழாயால் போனது. டெங்குக்காரர் சொன்ன மீனும் வாங்கி விட்டேன். இன்னும் நம்பிக்கை வரவில்லை. இது சின்ன மழை.

நவம்பர் 27, வியாழன்

போர்த்துக்கொண்டு எழுதுகிறேன். குளிர்.

மூன்று நாளாக விடாத மழை. பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடப்பதால் கடைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. வழமைபோல இவரை உள்ளே விட்டு, கள்ளருக்குப் பயந்து முன்கதவையும் பின்கதவையும் வெளியால் பூட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் கரண்ட் இல்லை. இவருடைய போன் வேலை செய்யவில்லை. பஸ்ஸும் நின்றுவிட்டது. சங்கானையிலிருந்து பண்டத்தரிப்பில் எங்கள் வீடு வரைக்கும் நடை, பாதி வழி முழங்கால் தண்ணீர். போன வருடம் பார்த்த கட்டில் சட்டம்தான் கண்ணுக்குள்.

பின்பக்கத்தால் ஓடினேன். பின்கதவு திறந்து கிடந்தது. பூட்டு உடைந்து படியில், பக்கத்தில் மச்சாளின் கோடரி.

அறை காய்ந்திருந்தது. வாசலில் மட்டும் ஈரக் கால் அடையாளம். மச்சாள் தலை முதல் கால் வரை நனைந்து, என் பழைய சேலையைப் போர்த்துக்கொண்டு கட்டில் தலைமாட்டில் இருந்தார். இவருக்குப் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தீத்திக்கொண்டே ஏச்சு.

"வாயை வடிவாத் திறவன். சின்னனிலையும் உப்பிடித்தான்."

என்னைக் கண்டதும் ஏச்சு எனக்குத் திரும்பியது.

"என்ரை பக்கம் குழாயிலை தண்ணி வரேல்லை. இவ்வளவு மழைக்கு வராமல் எங்கை போகும்? வந்து பாத்தால் குழாய் வாயிலை முருங்கைச் சருகு. குட்டை ததும்பிப் படிமட்டும் வந்திட்டுது. இழுத்து எடுத்துவிட்டன்."

"நீங்களோ? குட்டைக்குள்ளை இறங்கியோ?"

"பிறகு, ஆர்? உன்ரை கொப்பரோ?"

இவர் அக்காவின் கையைப் பிடித்திருந்தார், விளங்குகிற இடது கையால். நான் நனைந்த உடுப்போடு நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதேன். இரண்டு பேரும் அழ விட்டார்கள்.

பின்னேரம் மழை குறைய மச்சாள் எழும்பினார். கதவடியில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"போன முறை மழைச் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை."

நான் போன வருடத்தைப் பற்றி எதுவும் கேட்டிருக்கவில்லை. அவராகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு நின்றார். நம்பினேனா என்று எனக்குத் தெரியாது. "ஓம் மச்சாள், பெரிய மழை" என்றேன்.

"நாளைக்கும் வேலையோ?"

"ஓம். சட்டையள் கிடக்கு."

"அப்ப பின்கதவைப் பூட்டாதை."

நவம்பர் 28, வெள்ளி

மழை இன்னும் தூறுகிறது. கடை முடிந்து வரும்போது சங்கானைச் சந்தையில் பூட்டு விலை கேட்டேன். கடைக்காரர் மூன்று நாலு எடுத்து மேசையில் வைத்தார். பிறகு வாறன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.