யுஸ்ரா வேறு, யுஸ்ரி வேறு

இர்பித்
4 பிப்ரவரி 2018

அன்புள்ள அக்கா இன்ஸாஃபுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய். இங்கே மூன்று நாளாக மழை. என் வீட்டுக்காரி ஃபாதின் உனக்கு ஸலாம் சொல்லவில்லை. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இதை நம் நிரலின் பொது மடல் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். அங்கே எழுதினால் நாலு நாட்டுக்காரர்கள் கூடி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் உனக்குத் தனியாக எழுதுகிறேன்.

ஃபாதினின் பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு இரட்டைக் குழந்தைகள் வருகிறார்கள். ஆறு வயது. பெண் பெயர் யுஸ்ரா, பையன் பெயர் யுஸ்ரி. இரண்டு பேருக்கும் திக்கும். வாராவாரம் அவர்கள் பேச்சை ஃபாதின் பதிவு செய்து வைப்பாள். பையனுக்குச் சரியாகிவிட்டது, அவன் பதிவுகளை அழித்துவிடச் சொல்லி அவர்களுடைய அம்மா எழுதிக் கொடுத்தார். நிலையத்துக் கணினி என் பொறுப்பு. சிப்பி என்று பொருள்பட நாம் பெயர் வைத்த நம் நிரல் ஸதஃபாவைத் திறந்து, ‘யுஸ்ரி’ என்று தொடங்குகிற கோப்புறைகளை எல்லாம் அழி என்று கட்டளை தட்டினேன். அழித்தது. யுஸ்ராவின் ஒன்பது மாதத்தையும் சேர்த்து அழித்தது.

ஏன் என்று உனக்கே தெரியும். அரபு எழுத்தில் அந்த இரண்டு பெயருக்கும் உள்ள வித்தியாசம் கடைசி எழுத்தின் அடியில் இருக்கும் இரண்டு புள்ளிதான். வைத்தால் யுஸ்ரி, வைக்காவிட்டால் யுஸ்ரா. நம் ஸதஃபா இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. நகல் எடுக்கிற வேலையையும் அதனிடமே கொடுத்திருந்தேன். அதனால் நகலிலும் போய்விட்டது.

“உங்க அக்கா எழுதினதுன்னு பெருமையா கொண்டாந்து வச்சீங்களே, அந்தச் சிப்பி முழுங்கிடுச்சு. அவங்க அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க” என்றாள் ஃபாதின். போய்ச் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டையும் ஒன்றாக்கும் அந்த ஒற்றுமையை நீக்கி ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறேன். ஒருவர் செய்த மாற்றம் இன்னொருவர் ஒப்பாமல் உள்ளே போகாது என்று இருபது வருடமாக வைத்திருக்கிறோம். தயவுசெய்து ஒப்பிவிடு.

உன் தம்பி,
ஷுக்ரி


அலெக்ஸாண்ட்ரியா, இப்ராஹிமிய்யா
7 பிப்ரவரி 2018

என் செல்லத் தம்பி ஷுக்ரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்தக் குழந்தையை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஃபாதினிடம் என் வருத்தத்தைச் சொல்.

ஆனால் உன் திருத்தத்தை நான் ஒப்பவில்லை. ‘பயன்படுத்தியவர் தவறு’ என்று போட்டு மூடிவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் கேள்.

அந்த எழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் எகிப்தில் எவனுக்கு இருக்கிறது? செய்தித்தாளில் இல்லை, கடைப் பலகையில் இல்லை, உன் பள்ளிச் சான்றிதழில் இல்லை. எழுதுவதை எழுதிவிட்டு, யுஸ்ராவா யுஸ்ரியா என்று ஆளைப் பார்த்து வாசிக்கிறோம். இங்கே இருந்தவரை உன் பெயருக்கே நீ புள்ளி வைத்ததில்லை. ஜோர்டானில் பெண் எடுத்தாய், மன்ஸஃப் சாப்பிடப் பழகினாய், இப்போது ஷுக்ரியின் வாலில் இரண்டு புள்ளியும் வைத்துக் கையெழுத்துப் போடுகிறாய். வைத்துக்கொள், அழகாகத்தான் இருக்கிறது. அதற்காக என் நிரலுக்கும் வைக்கச் சொல்லாதே.

ஸதஃபா எதற்காகப் பிறந்தது என்பதை மறந்துவிட்டாயா? துறைமுக அலுவலகத்தில் அந்தக் குமாஸ்தா ஒரு கோப்பின் பெயரை ஆறு தடவை தட்டினார். ஆறு தடவையும் “அப்படி ஒரு கோப்பு இல்லை” என்றது வெளிநாட்டு நிரல். கோப்பு அவர் கண்ணெதிரே இருந்தது. புள்ளி வைக்கவில்லை, அவ்வளவுதான். “மேடம், இந்த மெஷினுக்கு நம்ம எழுத்தே பிடிக்கலை போல” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு எழுதிய வரி அது. நம் ஜனங்கள் எழுதுவதை எழுதுகிறபடியே புரிந்துகொள்கிற கட்டளைச் சாளரம் உலகத்தில் இது ஒன்றுதான். காசு வாங்காமல் கொடுக்கிறோம், நாற்பதாயிரம் பேர் பயன்படுத்துகிறார்கள். எதிர்வீட்டு மீன்காரர் மட்டும் இன்னும், “சிப்பி ரிப்பேர் பண்றீங்களாமே, கிலோ என்ன விலை?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த வரி என் கைப்பட எழுதியது. அதில் பிழை இல்லை. அழிப்பதற்கு முன் என்னென்ன அழியும் என்ற பட்டியலைப் பார்க்காதது உன் பிழை.

மழையில் நனையாதே.

அக்கா
இன்ஸாஃப்


இர்பித்
12 பிப்ரவரி 2018

அக்கா,

பட்டியலைப் பார்க்காதது என் பிழைதான். அதை அந்தக் குழந்தையின் அம்மாவிடமே சொல்லிவிட்டு வந்தவன் நான்.

நீ மூடிய பிறகு பழைய புகார்களைத் தேடினேன். இதே இரண்டு புள்ளி, இதே அழிப்பு. என்னைச் சேர்க்காமல் பதினொரு பேர். அலெப்போ, ஸ்ஃபாக்ஸ், கார்ட்டூம், பஸ்ரா. பதினொன்றையும் நீயே மூடியிருக்கிறாய். பதினொன்றிலும் அதே முத்திரை: பயன்படுத்தியவர் தவறு.

நம் ஜனங்கள் என்று எழுதினாயே, அவர்கள் யார்? எகிப்தின் எல்லையோடு முடிந்துவிடுகிறார்களா? புள்ளி வைக்கிறவர்களும் நம் எழுத்தைத்தான் எழுதுகிறார்கள், அக்கா.

பராமரிப்பவர் பட்டியலில் இரண்டே பெயர். அதிலிருந்து என் பெயரை எடுக்கிற மாற்றத்தை இன்று அனுப்பியிருக்கிறேன். இதையாவது ஒப்பிவிடு. யாராவது “ஸதஃபா உங்களுடையதா” என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடத்தில் இது முதல் முறை.

ஷுக்ரி


அலெக்ஸாண்ட்ரியா
9 மார்ச் 2018

ஷுக்ரிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. ரோஷம் என்று நினைத்திருப்பாய். முதல் பத்து நாள் ரோஷம்தான்.

அப்புறம் அந்தப் பதினொன்றையும் எடுத்துப் படித்தேன். உன்னிடம் “அதெல்லாம் வேற விஷயம்டா” என்று சொல்வதற்காகத்தான் எடுத்தேன். வேறு விஷயம் இல்லை. கார்ட்டூமில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்காரர். ஸலாம் சொல்லி, நம் நிரலைப் புகழ்ந்து, “ஒருவேளை தவறு என்னுடையதாகவும் இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதியிருக்கிறார். எட்டு மாத அளவீடுகள் போயிருக்கின்றன. அவர் எழுதியது மூன்று பத்தி. எழுதிய நான்காவது நிமிடம் நான் மூடியிருக்கிறேன். முழுவதும் படித்திருக்கக்கூட முடியாது, ஷுக்ரி. அதன் பிறகு அவர் வரவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் உட்கார்ந்தேன். முதலில் உன் திருத்தத்தைத் திறந்தேன். மன்னித்துக்கொள், அதுவும் ஓட்டை. நீ ஒற்றுமையை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டாய். அப்படியானால் துறைமுகத்துக் குமாஸ்தாவுக்கு மறுபடியும் “அப்படி ஒரு கோப்பு இல்லை”. தவிர, பெயர் மாற்றுகிற கட்டளைக்குத் தனி வழி இருப்பதை மறந்துவிட்டாய். யுஸ்ரி என்று ஒன்றுக்குப் பெயர் மாற்றினால் யுஸ்ராவின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். இருபது வருடம் கூடவே இருந்தவன் இதைக் கவனிக்க வேண்டாமா?

ஆறு நாள் ஆயிற்று. இப்போது தேடும்போதும் திறக்கும்போதும் இரண்டும் ஒன்று. அழிக்க, மேலெழுத, பெயர் மாற்ற வந்தால் இரண்டும் வேறு. ஒரு புள்ளி குறைந்தாலும் கை வைக்காமல் நின்று கேட்கும். முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் எழுதி ஓட்டினேன். எல்லாம் தேறின. சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை: இவ்வளவு சுத்தமான வேலையை நான் முன்பு செய்ததில்லை.

புதிய பதிப்பின் குறிப்பை அனுப்புமுன் நீ பார்க்க வேண்டும். இதுதான்:

“இந்தப் பிழை இருபது ஆண்டுகளாக இருந்தது. வைத்தவள் நான். பன்னிரண்டு பேர் வந்து சொன்னார்கள். பன்னிரண்டு பேரையும் அவர்கள் தவறு என்று சொல்லித் திருப்பி அனுப்பியதும் நான். அவர்கள் சொன்னது சரி. அவர்கள் பெயர்கள் கீழே இருக்கின்றன. புள்ளி வைக்கிறவர்கள் புள்ளியோடு எழுதியிருக்கிறேன். இன்ஸாஃப்.”

பதினொரு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டேன். ஏழு பேர் பதில் எழுதினார்கள். கார்ட்டூம்காரரின் முகவரி இப்போது இல்லை, திரும்பி வந்துவிட்டது. பன்னிரண்டாவது ஆளுக்குத்தான் இந்தக் கடிதம்.

இன்னொரு மாற்றமும் அனுப்பியிருக்கிறேன். இனிமேல் எந்தப் புகாரையும் ஒருவர் மட்டும் மூட முடியாது. இரண்டு பேர் படித்து, இரண்டு பேரும் ஒப்ப வேண்டும். பராமரிப்பவர்கள் என்று நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம். ஒருவர் போய்விட்டால் ஒரு புகாரையும் மூட முடியாமல் நான் கிழவியாகி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உன் பெயரை எடுக்கிற மாற்றம் அப்படியே கிடக்கிறது. ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உன் இஷ்டம்.

யுஸ்ராவின் அம்மாவிடம் இதை நான் எழுதியதாகவே சொல். நீ பூசி மெழுகாதே.

அக்கா


இர்பித்
20 மார்ச் 2018

அக்கா இன்ஸாஃபுக்கு,

ஃபாதின் இந்தத் தடவை ஸலாம் சொல்லச் சொன்னாள். ரமளானுக்கு நீ இங்கே வர வேண்டுமாம். “அவங்க முழங்காலுக்கு நம்ம வீட்ல படியே கிடையாதுன்னு எழுதுங்க” என்று பக்கத்தில் நின்று சொல்கிறாள்.

பெயர் மாற்றுகிற கட்டளை விஷயத்தில் நீ சொன்னது சரி. எனக்குத் தோன்றவே இல்லை. உன் வேலையை வரி வரியாகப் படித்துவிட்டு ஒப்பினேன். இரண்டு பேர் மூட வேண்டும் என்பதையும் ஒப்பினேன். என் பெயரை எடுக்கிற மாற்றத்தை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நேற்று யுஸ்ராவை அழைத்துக்கொண்டு அவள் அம்மா வந்திருந்தார். உன் குறிப்பை நிலையத்தில் வைத்து, ஒரு சொல் விடாமல் சத்தமாக வாசித்தேன். முடியும்வரை கேட்டார்.

“போனது போனதுதான், தம்பி. அது திரும்ப வராது” என்றார். “வராதும்மா” என்றேன்.

குழந்தையின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“என் வீட்டுக்காரர் இருபத்தஞ்சு வருஷமா அரசாங்க உத்தியோகம். ‘என் தப்பு’ன்னு எழுதிக் கீழே கையெழுத்துப் போட்ட காகிதத்தை நான் பார்த்ததே இல்லை. யாருங்க அந்த இன்ஸாஃப்?”

“எங்க அக்கா” என்றேன்.

அதைச் சொல்லும்போது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேனாம். எனக்குத் தெரியவில்லை. ஃபாதின்தான் பிறகு சொன்னாள்.

உன் தம்பி,
ஷுக்ரி